பாண்டியம்மாவின் பாதி இங்கிலீஷ்

போன மாதம் டவுன் பஸ்ஸில் ஓர் அதிசயம் பார்த்தேன். ஓர் அப்பா தன் செல்போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதுவும் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு!

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

கொடைக்கானலிலிருந்து பேத்துப்பாறை போகிற பஸ் அது. நான் நடுவில் செண்பகனூரில் இறங்க வேண்டியவள். காலடியில் காய்கறிப் பை, மடியில் குடை. எனக்கு முன் சீட்டில் பெங்களூர்க் குடும்பம் ஒன்று. வாடகைக் கார் மக்கர் பண்ணிவிட்டதாம், ‘பஸ்ஸில் போனால் நல்ல எக்ஸ்பீரியன்ஸ்’ என்று ஏறிவிட்டார்கள். எக்ஸ்பீரியன்ஸ் மூன்றாவது வளைவிலேயே ஆரம்பித்துவிட்டது. ஐந்து வயதுப் பெண் குழந்தை முகம் வெளுத்து, வாயைப் பொத்திக்கொண்டு ஆங்கிலத்தில் ஓவென்று அழுகிறது. அம்மா பிளாஸ்டிக் பையைத் தேடுகிறார். அப்பா போனில் யாருக்கோ மீட்டிங்கைத் தள்ளி வைக்கிறார்.

உதவலாம் என்று நினைத்தேன். எனக்கென்ன குறைச்சல்? எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள். ‘உட் யூ மைண்ட்...’ என்று ஆரம்பிப்பதா, ‘மே ஐ...’ என்று ஆரம்பிப்பதா என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டிருந்தேன். அதற்குள் குழந்தை முதல் தவணையை முடித்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வரிசையிலிருந்து ஒரு குரல்.

“லுக் அட் மீ. நாட் டவுன். லுக் அவுட்சைட். பிக் ப்ரெத்... ஒன் மோர்... குட் கேர்ள்.”

திரும்பிப் பார்த்தேன். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். சாயம் போன ஸ்வெட்டர், தலையில் மப்ளர், காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறவர்கள் இடுப்பில் கட்டுகிற சாக்கு மடித்துக் கையில். எலுமிச்சங்காயை நகத்தால் கீறிக் குழந்தையின் மூக்கருகே நீட்டினார். “ஸ்மெல் திஸ். ஸ்லோலி, ஸ்லோலி.” குழந்தை முகர்ந்தது. அழுகை நின்றது.

பிறகு அவர் அப்பா பக்கம் திரும்பினார். “டாடி, போன் இன்சைட். ஹோல்ட் ஹெர் ஹேண்ட்.”

டாடி போனை உள்ளே வைத்தார். கையைப் பிடித்துக்கொண்டார். படியில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் கூட உள்ளே ஏறி நின்றார்கள் என்று ஞாபகம்.

இதற்குப் பிறகும் நான் செண்பகனூரில் இறங்குவேனா? கண்டக்டரிடம் பெருமாள்மலைக்கு டிக்கெட்டை நீட்டித்து வாங்கிக்கொண்டு, அந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு வியாதி உண்டு, வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். யாராவது எதையாவது நன்றாகச் செய்தால், எங்கே கற்றார்கள் என்று தெரியாமல் தூக்கம் வராது.

“இங்கிலீஷ் எங்க படிச்சீங்க?”

“நான் எங்கக்கா படிச்சேன்? எட்டாப்பு ஃபெயிலு. அதுவும் இங்கிலீஷுலதான் ஃபெயிலு.”

பெயர் பாண்டியம்மா. ஊர் பேத்துப்பாறை. கொடைக்கானலில் ஒரு போர்டிங் ஸ்கூலில் பதினான்கு வருடம் ஆயா. சின்னப் பிள்ளைகள் தங்குகிற டார்மிட்டரியில் வேலை. இப்போதெல்லாம் அவ்வளவு சின்ன வயதில் யாரும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவதில்லை என்பதால் அந்த டார்மிட்டரியையே எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடமாகத் தோட்ட வேலை. மழை பெய்தால் அதுவும் இல்லை.

பெருமாள்மலை வருவதற்குள் பாதிக் கதைதான் கேட்க முடிந்தது. மீதிக்கு வீட்டுக்கு வரச் சொன்னேன். “சோலி முடிச்சுட்டு வாரேன்க்கா” என்றார். வந்தார். நாலு பட்டர் ஃப்ரூட்டும் கொண்டுவந்தார்.

அன்று டீ குடித்துக்கொண்டே அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“டார்மெட்ரிக்குள்ள தமிழ் பேசக்கூடாதுன்னு ரூல்சு. ஆயாவுக்கும் அதே ரூல்சுதான். எனக்கு எஸ், நோ ரெண்டும்தான் தெரியும். மூணு மாசம் ஊமையாத்தான் திரிஞ்சேன். நான் சேந்த அதே வாரத்துல கொரியாக்காரப் பிள்ளை ஒண்ணு வந்து சேந்துச்சு. ஆறு வயசு. அதுக்கும் இங்கிலீஷ் தெரியாது. மத்த பிள்ளைகள்லாம் பொளந்து கட்டுதுக. நாங்க ரெண்டு பேரும் மூலையில உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்குவோம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ரெண்டு பேரும் ஒரே கிளாசு. அது வயித்தத் தொட்டுக் காட்டி அழுகும். பக்கத்துக் கட்டில்ல இருக்க பிள்ளை ‘டம்மி’னு சொல்லிக் குடுக்கும். அது ஒருக்கா சொல்லும், நான் ஒருக்கா சொல்லுவேன். நோஸ், எல்போ, டூத்து, டோ... உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் அப்பிடித்தான் படிச்சோம். வலிக்குற எடமாத்தான் படிச்சோம்.”

எங்கள் கல்லூரியில் இங்கிலீஷ் எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். அங்கேயும் வலி இருந்தது. ஆனால் தொட்டுக் காட்டுகிற மாதிரி இல்லை.

“ஆறே மாசத்துல அந்தப் பிள்ளை என்னைய முந்திருச்சுக்கா. ‘ஐ வான்ட் மில்க்’, ‘ஐ டோன்ட் லைக் பம்ப்கின்’, ‘ஐ ஆம் நாட் ஸ்லீப்பி’... எல்லாம் அதுக்கு வந்துருச்சு. எனக்கு வந்தது மத்த பாதி. ‘வாட் டூ யூ வான்ட்? ஆர் யூ கோல்ட்? ஷோ மீ யுவர் நெயில்ஸ். ஃபினிஷ் இட். வேர் இஸ் யுவர் சாக்ஸ்?’ கேக்குற பாதி அதுக்கு, குடுக்குற பாதி எனக்கு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு டீ டம்ளரைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

ஏனென்றால் யோசித்துப் பாருங்கள். பதினான்கு வருடம் ஒரு மொழியில் புழங்கியிருக்கிறார். அடுத்தவர் பசி தெரியும், குளிர் தெரியும், காய்ச்சல் தெரியும், பல் ஆடுவது கூடத் தெரியும். தன்னைப் பற்றி அந்த மொழியில் ஒரே ஒரு வாக்கியம்? பேசியதே இல்லை. யாரும் கேட்டதே இல்லை.

சோதித்துப் பார்க்கிற புத்தி எனக்கு. கேட்டேன்: “உங்களுக்குப் பசிச்சா இங்கிலீஷ்ல என்ன சொல்வீங்க?”

ரொம்ப நேரம் யோசித்தார். “நமக்குப் பசிச்சா தமிழ்லதானக்கா பசிக்கும்?” என்றார்.

அன்றிலிருந்து நான் போகிற இடமெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தேன். ஏரிக்கரையில் குதிரை ஓட்டுகிறவர் எட்டு நாட்டுக்காரர்களோடு பேசுகிறார். ‘டோன்ட் ஃபியர், ஹோல்ட் டைட், ஸ்மைல், ஃபோட்டோ.’ அவ்வளவுதான் அவர் இங்கிலீஷ். ‘உங்க பேர் என்ன’ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். குதிரையின் பெயரைச் சொன்னார். அவரை யாரும் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. டாக்ஸி ஓட்டுகிற எதிர்வீட்டுத் தம்பிக்கு ‘லெஃப்ட் சைடு வியூ பாயிண்ட், ரைட் சைடு டாய்லெட்’ என்று சரளமாக வரும். அவருக்கு லோன் கேட்டு ஒரு வரி எழுதத் தெரியாது. சாக்லேட் கடைப் பெண் ‘டேஸ்ட் பண்ணிப் பாருங்க’ என்பதை ஐந்து மொழியில் சொல்கிறார். அவர் அந்தச் சாக்லேட்டைச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என்னை எடுத்துக்கொள்ளுங்கள். துன்பியல் நாடகத்தின் ஆறு கூறுகளை விவரி என்றால் நாலு பக்கம் எழுதுவேன். ஓட்டலில் பக்கத்து டேபிள் வெள்ளைக்காரரிடம் ‘உப்பைக் கொஞ்சம் தள்ளுங்க’ என்று கேட்க வராது. உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

யாருக்கு எந்தப் பாதி வாய்த்ததோ, அந்தப் பாதி. முழு இங்கிலீஷ் யாரிடம்தான் இருக்கிறது? இருப்பவரைக் கண்டால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சரி, பாண்டியம்மாவுக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்துக் காலையிலேயே வந்து நின்றார். முகத்தில் ஒரு படபடப்பு.

“அக்கா, ஏரிக்கு மேல புதுசா ஒரு ரிசார்ட் வந்துருக்குல்ல, அங்க பிள்ளைகளைப் பாத்துக்க ஆள் கேக்காங்க. தங்குறவங்க பிள்ளைகளுக்குன்னு தனி ரூமு போட்டுருக்காங்களாம். நம்ம சோலிதான். ஆனா இன்டர்வியூ வச்சுருக்காங்க. மேனேஜரம்மா கல்கத்தாக்காரங்க, தமிழ் சுத்தமா தெரியாதாம். ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’னு முத கேள்வியே அதுதான் கேப்பாங்கன்னு வாட்ச்மேன் சொல்றாரு. என்னையப் பத்தி நான் என்னத்தக்கா சொல்ல?”

அடடா! எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த எம்.ஏ. எழுந்து உட்கார்ந்தது. ஒரு தாளை எடுத்துப் பதினோரு வரி எழுதினேன். பெயர், ஊர், அனுபவம், ‘மை ஸ்ட்ரென்த் இஸ் ஹார்ட் ஒர்க்’, ‘மை வீக்னஸ் இஸ் பெர்ஃபெக்‌ஷன்’ என்று எல்லாம். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன். பதினோராவது வரி என் கைவண்ணத்தின் உச்சம்: ‘ஐ ஆம் ரெடி டு ஒர்க் ஆல் டேஸ்.’

அர்த்தம் சொன்னேன். பாண்டியம்மா தாளை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“இது வேணாம்க்கா. எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும்.”

ரிசார்ட்டில் ஞாயிற்றுக்கிழமையா! சனி, ஞாயிறுக்குத்தானே அங்கே கூட்டமே வரும்? தீபாவளிக்குப் பட்டாசுக் கடைக்காரர் லீவு கேட்கிற மாதிரி இருந்தது. பொறுமையாக எடுத்துச் சொன்னேன். முதலில் வேலையை வாங்குங்கள். ஞாயிறைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

“அப்புறம் அப்புறம்னுதாங்க்கா பதினாலு வருசம் போச்சு” என்றார்.

அப்போதுதான் மீதிக் கதை வந்தது.

அவருக்கு ஒரே மகள், கௌசல்யா. ஸ்கூல் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இரண்டு வயது. ஆயாக்கள் டார்மிட்டரியிலேயே தங்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வீடு. மகள் நாத்தனார் வீட்டில் வளர்ந்தாள். மலையேறி வந்து தங்கியிருந்த அடுத்தவர் பிள்ளைகளுக்கு இவர் தலை வாரினார். இவர் பிள்ளைக்கு வேறொருவர் வாரினார்.

“டார்மெட்ரியில நான் நெதம் சொல்ற வார்த்தை என்ன தெரியுமாக்கா? ‘டோன்ட் க்ரை. மம்மி வில் கம் சண்டே.’ அதச் சொன்னாத்தான் பிள்ளைக அழுகைய நிறுத்தும். எந்த சண்டேன்னு நமக்கும் தெரியாது, அதுகளுக்கும் தெரியாது. சில பிள்ளைக்கு மம்மி வெளிநாட்டுல இருப்பாங்க. ஆனாலும் சொல்லணும்.”

தாளை மறுபடி மடித்தார். பிறகு, “ஒருக்கா வீட்டுக்குப் போயிருக்கேன். கௌசல்யாவுக்கு அஞ்சு வயசு. கீழ விழுந்து முழங்கால்ல ரத்தம். ஓடிப்போய்த் தூக்கிட்டேன். தூக்கிட்டு என்ன சொன்னேன்னு நெனைக்கிறீங்க? ‘டோன்ட் க்ரை, டோன்ட் க்ரை, ஷோ மீ’ங்குறேன். அழுகுற பிள்ளையப் பாத்தா வாயில அதுதான் வருது. பழகிப்போச்சு. அவ என் மூஞ்சியப் பாத்தா. யாரோ வேத்து ஆள் தூக்கிட்டாங்கன்னு பயந்துபோய் எங்க நாத்தனார்கிட்டத் தாவிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது என்றே ஒப்புக்கொள்கிறேன்.

கௌசல்யாவுக்கு இப்போது பதினெட்டு. வத்தலக்குண்டில் நர்சிங் முதல் வருடம், அங்கேயே ஹாஸ்டல். “சனிக்கிழமை சாயங்காலம் வருவா. திங்கக்கிழமை வெள்ளனே முத பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருவா. ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் எங்க ரெண்டு பேருக்கும். இப்பத்தான் ரெண்டு வருசமா அவ எங்கிட்ட ஏதோ பேசுறா. சோலியும் வேணும்க்கா, அவ படிப்பு கெடக்கு. ஆனா இதையும் விட்டுட்டேன்னா அப்புறம் அவ ஒரேயடியா வேத்து வீட்டுப் பிள்ளைதான்.”

இவ்வளவு கேட்ட பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினோராவது வரியை அடிக்கவில்லை. ‘எதுக்கும் இருக்கட்டும், வேலை முக்கியம்’ என்றேன். ஆலோசனை சொல்கிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. என்னுடையது எழுத்தில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்து நாள் பயிற்சி நடந்தது. நான் மேனேஜர், அவர் அவர். எதிரே நாற்காலி போட்டு உட்காருவேன். “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்பேன். “மை நேம் இஸ் பாண்டியம்மா” என்று ஆரம்பிப்பார். மூன்றாவது வரியில் என் காலைப் பார்ப்பார். “நோ சாக்ஸ்? கோல்ட் ஃப்ளோர்!” என்பார். இன்டர்வியூ அதோடு முடியும். ஒருநாள் எனக்கு இருமல். ‘மை ஸ்ட்ரென்த்’ பாதியில் நிற்க, எழுந்துபோய் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து, “ஸ்மால் சிப். குட்” என்றார். எதிரில் ஓர் ஆள் இருந்தால் அவர் இங்கிலீஷ் அந்த ஆளின் பக்கம் ஓடிவிடுகிறது. தன் பக்கம் திருப்பினால் நின்றுவிடுகிறது.

இன்டர்வியூ நாள். “நீங்க கூட வந்தா ஒரு தைரியம்க்கா” என்றார். போனேன். ரிசார்ட் ஆபீஸ் கண்ணாடிக் கதவு வைத்த அறை. கதவை முழுசாகச் சாத்தவில்லை. வெளியே சோபாவில் எனக்கு இடம். எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

மேனேஜர் சின்னப் பெண். இருபத்தெட்டு வயது இருந்தால் அதிகம். கண்ணுக்குக் கீழே கருவளையம், மேஜையில் இரண்டு போன், மூடாத டிபன் பாக்ஸில் தொடாத சாப்பாடு. பக்கத்தில் கணக்கர் ஒருவர், நம்மூர்க்காரர். மேனேஜர் நான் சொன்ன அதே கேள்வியைக் கேட்டார்.

பெயர் வந்தது. ஊர் வந்தது. பதினான்கு வருடம் வந்தது. நாலாவது வரி வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. சுவரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார். நான் வாயசைத்து ‘ஹார்ட் ஒர்க், ஹார்ட் ஒர்க்’ என்கிறேன். மேனேஜர் ஒரு போனை எடுத்துப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரி. தாளைத் தள்ளி வைத்துவிட்டு வேறு மாதிரி கேட்டார். ஒரு குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது, நிறுத்தவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வாய்?

பாண்டியம்மா எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் மேனேஜரின் நாற்காலி பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். டார்மிட்டரிப் பழக்கம் அது. பிள்ளையின் முகத்துக்குக் கீழே தன் முகம் இருக்க வேண்டுமாம், மேலே இருந்தால் பிள்ளை பேசாதாம். அங்கிருந்து அண்ணாந்து பார்த்து, மெதுவாக, “வாட் ஹேப்பண்ட்? டெல் மீ. நோ ஹரி” என்றார்.

மேனேஜர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. அந்தப் பெண் எதையோ நிஜமாகவே சொல்லிவிடப் போகிறாள் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. பாண்டியம்மா அவசரப்படவில்லை. டிபன் பாக்ஸைப் பார்த்தார். “ஒய் நாட் ஈட்டிங்?” என்றார்.

வேலை கிடைத்துவிட்டது! எனக்குத் தெரிந்துவிட்டது, மேனேஜரும் வாயால் சொல்லிவிட்டார். கணக்கர் ஒரு பாரத்தை எடுத்தார். மேனேஜர் ஆங்கிலத்தில் மளமளவென்று சொன்னார். ரிசார்ட்டிலேயே தங்கல், செவ்வாய்க்கிழமை லீவு, சனி ஞாயிறு கட்டாயம் இருக்க வேண்டும். ஓகேவா?

பாண்டியம்மா என்னைப் பார்த்தார்.

நான் என்ன செய்தேன்? வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். தலையை ஆட்டினேன். ‘எஸ் சொல்லு, எஸ் சொல்லு’ என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கையைக் காட்டினேன். பதினோராவது வரியை வாயசைத்துக் காட்டினேன்.

அவர் திரும்பிக்கொண்டார்.

“நோ” என்றார். “சண்டே நோ. சண்டே... மம்மி வில் கம்.”

மேனேஜருக்குப் புரியவில்லை. யாருடைய மம்மி? உங்கள் அம்மாவா? எங்கிருந்து வருகிறார்கள்?

குத்த வைத்திருந்தவர் எழுந்து நின்றார். ஒரு கையை நெஞ்சில் வைத்தார். பதினான்கு வருடத்தில் வராத வார்த்தை, ஐந்து நாள் நான் போட்டு உருட்டியும் வராத வார்த்தை. அது வந்த வழியை நான் பார்த்தேன். முகமெல்லாம் வியர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும்.

“ஐ” என்றார். “ஐ ஆம் மம்மி.”

அவரே தொடர்ந்தார். “மை டாட்டர் வெய்ட்டிங். ஸ்மால் கேர்ள், வெய்ட்டிங். பிக் கேர்ள் நவ்... ஸ்டில் வெய்ட்டிங். ஐ கோ ஹோம் சண்டே.”

எம்.ஏ.வில் நான் எவ்வளவோ பெரியவர்களின் ஆங்கிலத்தைப் படித்திருக்கிறேன். அடிக்கோடு போட்டிருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மேனேஜர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கணக்கரிடம் ஏதோ கேட்டார். கணக்கர் நம்மிடம் சொல்கிற மாதிரியே தமிழில் முணுமுணுத்தார்: “ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கே எல்லாரும் ரூமைக் காலி பண்ணிருவாங்க. அப்புறம் பிள்ளைக ஏது?” அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். மேனேஜர் பாரத்தில் செவ்வாயை அடித்தார். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு நீங்கள் போகலாம், திங்கள் பத்து மணிக்கு இங்கே இருக்க வேண்டும், செவ்வாய் லீவு கிடையாது. சரியா?

பாண்டியம்மாவுக்குக் கணக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. புரிந்ததும் முகம் மலர்ந்தது.

“குட் கேர்ள்!” என்றார்.

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிபன் பாக்ஸைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் நடந்தே திரும்பினோம். எனக்குப் பேச முகமில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வந்ததும் அவரே ஆரம்பித்தார். “நீங்க எழுதிக் குடுத்ததுல கடைசி வரிய மட்டும் வேணும்னேதான் சொல்லலக்கா. கோச்சுக்காதீங்க.”

“தப்பா எழுதிட்டேன் பாண்டியம்மா” என்றேன். இதைத் தமிழில்தான் சொன்னேன். இதற்கு ஆங்கிலத்தில் ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் கால் மிதிபட்டால் கூட அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்திருக்கிறோம். அது அன்றைக்குப் போதாது என்று தோன்றியது.

“அட விடுங்கக்கா. நீங்க தைரியத்துக்குத்தான வந்தீங்க” என்றார்.

அது பாராட்டா, என்ன என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு மதியம் பால் வாங்கச் செண்பகனூர் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். ஒரே பனிமூட்டம், எதிரே இருக்கிற கடை தெரியவில்லை. பேத்துப்பாறை பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. ஜன்னலோரம் பாண்டியம்மா. மடியில் ஒரு பை, பையிலிருந்து ரிசார்ட் கேக் பெட்டி எட்டிப் பார்க்கிறது. டிரைவர் யாரோ ஒரு சிநேகிதரிடம் ஊர்க்கதை பேச இறங்கப் பார்த்தார். “ஏண்ணே, வெரசா எடுங்க. வீட்டுல பிள்ளை காத்துக் கெடக்கு!” என்று ஒரு அதட்டல். டிரைவர் இறங்கவில்லை.

நான் கையாட்டினேன். அவரும் ஆட்ட வந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்துக் கையை நிறுத்தினார். பஸ் நகர்ந்துவிட்டது, ஆனாலும் தலையை வெளியே நீட்டி, தெருவே கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

“அக்கா! நோ ஸ்வெட்டர்? கோ இன்சைட்!”

பால் கூட வாங்காமல் வீட்டுக்குத் திரும்பி உள்ளே போனேன்.